கிளாரன்ஸ் குடியிருக்கும் குளிர் அறை

தூத்துக்குடியில் ஜெசிந்தா மீன் கடை வைத்திருக்கிறாள். கடையின் குளிர் அறைக்குள் அவள் புருஷன் கிளாரன்ஸ் குடியிருக்கிறார். போன வருஷம் சீலா மீன் எடுக்க உள்ளே போனவர், அங்கேயே தங்கிவிட்டார். சூடு ஏறினால் கரைந்துவிடுவார், அவ்வளவுதான். மற்றபடி ஆள் சௌக்கியம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதலில் என்னென்னவோ பேசினார்கள். பிறகு மீன் வாங்க வருகிறவர்கள் அவரையும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த அறைக்கு வெப்பநிலை சென்சார் மாட்ட வந்தான் சுடலைமணி. குளிர் அறையை வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் உத்தரவு. சூடு கொஞ்சம் ஏறினாலும் சென்சார் அலறும். இரண்டாம் தடவை அலறினால் சென்னை ஆபீஸ் அங்கிருந்தபடியே கதவைப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டிய கதவு எதுவும் இதுவரை திறந்ததில்லை.

"பூட்டிட்டா நான் அவியள எப்படிப் பாக்கது தம்பி?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

தினமும் சாயங்காலம் அவள் ஒரு டம்ளர் டீ கொண்டுபோவாள். அவர் குடிக்க மாட்டார். ஆவி பறப்பதை மட்டும் பார்ப்பார். டீ ஆறும்வரை கதவு திறந்திருக்கும்.

சுடலைமணி வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். வயரை இழுக்க இழுக்கச் சுவர் தள்ளிப் போனது. தட்டுகளில் கிடந்த மீன்கள் வழிவிட்டு ஒதுங்கிப் படுத்தன. கடைசியில் ஐஸ் பெட்டி மேல் கிளாரன்ஸ் உட்கார்ந்திருந்தார், சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் மாதிரி.

ஃபேன் காற்றுக்கு நேராக மாட்டினால் சென்சார் பொய் சொல்லும். அறையிலேயே சூடான இடம் பார்த்து மாட்ட வேண்டும். அது எங்கே என்று குடியிருப்பவரிடமே சுடலைமணி கேட்டான்.

"அவ வந்து நிக்க இடம்," என்றார் கிளாரன்ஸ். "வாசப்பக்கம். அவ போன பெறவும் ரொம்ப நேரம் சூடா இருக்கும்."

அங்கேயே மாட்டினான். ஜெசிந்தா கதவைத் திறந்து ஒரு கால் வைத்தாள். சென்சார் கூப்பாடு போட்டது. உடனே சென்னையிலிருந்து போன். இது முதல் தடவை, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்றார்கள். ஜெசிந்தா காலை வெளியே எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு நெஞ்சு கேட்கவில்லை.

அப்போதுதான் கல்லாவில் இருந்த கிளிசரின் பாட்டில் கண்ணில் பட்டது. அவர் உதடு குளிரில் வெடிக்கிறதென்று அவள் வாங்கி வைத்தது. தடுப்பூசி வைக்கிற பெட்டிகளில் சென்சார் முனையைக் கிளிசரினில் முக்கித்தான் வைப்பார்கள். கதவு திறந்ததும் காற்று பதறிச் சூடாகும், கிளிசரின் பதறாது. தினமும் செய்கிற வேலைதான், இன்றைக்கு மறந்துவிட்டான் மடையன்.

"இத எடுத்துக்கிடட்டா அக்கா?"

"அவிய உதட்டுக்கு?"

"பெறவு வாங்கிக்கிடலாம்."

முனையைப் பாட்டிலுக்குள் இறக்கி, அவள் நிற்கும் இடத்திலேயே மாட்டினான். ஜெசிந்தா டீயோடு உள்ளே போனாள். அறை இப்போது நாலு எட்டில் முடிந்துவிட்டது. கதவு திறந்தே கிடந்தது. சென்சார் காட்டிய மைனஸ் பதினெட்டு என்ற எண் அசையவில்லை.

எண் தந்த தைரியத்தில், இத்தனை நாளும் பயந்து தொடாமல் இருந்தவள் அவர் கையைப் பிடித்தாள். அவருடைய சுண்டுவிரல் உருகி அவள் உள்ளங்கையில் நின்றது. அவள் சேலையில் துடைக்கவில்லை. ஒரு சொட்டும் சிந்தாமல் அவர் கையிலேயே திரும்ப ஊற்றினாள்.

"வெடியமுன்ன உறைஞ்சிரும்," என்றார் அவர். "நீ பிடிச்சுக்கோ."

சென்னையிலிருந்து மறுபடியும் போன். அங்கே சூடு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று கேட்டார்கள். சுடலைமணி உள்ளே எட்டிப் பார்த்தான். டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இல்ல சார்," என்றான். "பாட்டிலுக்கு இன்னும் தெரியாது."

சொல்லிவிட்டு, கதவு தானாகச் சாத்திக்கொள்ளாதபடி தோளைக் கொடுத்து நின்றான்.