தப்பிய செஸ்நட்

மோர்டன் என்ற ஊரில் ஒரு பழைய விளையாட்டுத் திடலில் தொண்டர்கள் சேர்ந்து செஸ்நட் என்ற கொட்டைமரத் தோட்டம் போட்டிருந்தார்கள். அந்த மரங்களைக் கொல்லும் கருகல் நோயைத் தாங்கும் மரத்தை உருவாக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஏணியில் ஏறிப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவி, அவர்களில் ஒருத்தியான சிவமலர், பெற்ற பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்த கன்றுகள். போன வருடம் நோய் உள்ளே வந்தது. சனியன் வந்தால் சும்மா போகுமா? பட்டை வெடித்துப் பட்ட மரங்களையெல்லாம் வெட்டி எரித்தார்கள்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதற்கும் அடியில் புண் வந்தது. ஆனால் காய்ந்து புதுப்பட்டை மூடிவிட்டது. சிவமலர் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். நாளைக்குத் தோட்டத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார். நோயைத் தாங்கிய மரம் ஒன்றைக் காட்டினால் தோட்டம் பிழைக்கும். இல்லாவிட்டால் இதையும் வெட்டிவிட்டு இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

இருப்புக்கொள்ளாமல் கணவர் புவனேந்திரனையும் கூட்டிவந்தாள்.

"பாருங்கோவன், புண் தானாவே மாறியிருக்கு!"

புவனேந்திரன் சிரித்தார். "தானாவோ? நல்ல கதை! நான்தான் மாத்தினனான்."

"என்னப்பா சொல்லுறியள்?"

"நீர் சாப்பிடாமக் கொள்ளாமக் கிடந்தீர். எனக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமப் போச்சு. மண்ணைக் குழைச்சு அப்பிக் கட்டினா புண் மாறும் எண்டு இன்டர்நெட்டில கிடந்தது. நீர் ஷிப்டுக்குப் போன நேரம் வந்து கட்டிவிட்டனான்."

ஐயோ, இந்த மனுசனை என்ன செய்வது! அப்படியானால் புண்ணை ஆற்றியது மண். மரம் தானாகத் தாங்குமா? மண் படாத இடத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

சிவமலர் ஏணியை இழுத்துச் சாத்தி ஏறினாள். கடவுளே, மேலே ஒன்றும் இருக்கக்கூடாது. அவர் கை எட்டாத உயரத்தில், கிளைக் கவட்டுக்குள், பட்டை வெடித்துச் செம்மஞ்சள் புள்ளிகள் தள்ளியிருந்தன. அதே நோய். கீழேயிருந்து பார்த்தால் இலை மறைக்கும். அதிகாரி ஏறிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் இதன் விதையை நம்பி நடுகிறவர்கள் எத்தனை வருடம் காத்திருந்து ஏமாறுவார்கள்!

"அங்கையும் கிடக்கோ?" கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற புவனேந்திரன் கேட்டார். "கொஞ்சம் மண் குழைச்சுத் தரட்டோ?"

அவளுக்கு ஓம் என்றுதான் வாயில் வந்தது. மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு விம்மினாள். பிறகு அங்கே நின்றபடியே தோட்டப் பொறுப்பாளருக்குப் போன் எடுத்தாள்.

"பெர்னடெற் அக்கா, நாளைக்கு வரேக்க மரம் அறுக்கிற வாளையும் கொண்டு வாங்கோ."