தூக்கினது யார்

நகராட்சி அனுப்பிய கடிதத்தில் ஆலோசகரிடம் எட்டு அமர்வுகள் என்று போட்டிருந்தது. எட்டுக்கும் போகாவிட்டால் வேலை இல்லை. நீச்சல் குளத்தில், கூட வேலை பார்க்கும் டாரிட்டைப் பிடித்துத் தள்ளியதில் அவள் மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டதற்கு பல்லே டோஃப்டகோருக்குக் கிடைத்த தண்டனை அது. கடிதத்தில் அதை உதவி என்று எழுதியிருந்தார்கள்.

டென்மார்க்கில், யூட்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த அந்தத் துறைமுக ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் பல்லே. இருபத்தாறு வருடமாக லைஃப்கார்டு வேலை. மனநல ஆலோசகர் விபெக்கே அவரைவிட இருபது வயது சின்னவள். காலில் கம்பளிக் காலுறை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததுமே அவருக்கு எரிச்சல் வந்தது.

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."

"கடிதத்துல இருக்கே. படிக்கத் தெரியாதா?"

"படிச்சேன். நீங்க சொல்லிக் கேக்கணும்."

"எல்லாருமா சேந்து என்னைத் துரத்தப் பாக்குறாங்க. அவ்வளவுதான்."

"எல்லாரும்னா யார் யார்?"

"எல்லாரும்னா எல்லாரும்."

"பேர் சொல்லுங்களேன்."

சீட்டு கொடுக்கும் ஃப்ளெமிங்கைச் சொல்லப் போனார். அவன் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. மேலாளர் அவர் பக்கமே வருவதில்லை. ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்ததில் டாரிட் ஒருத்திதான் மிஞ்சினாள். அது அவரை இன்னும் கடுப்பாக்கியது.

"டாரிட். போதுமா?"

"அவங்க என்ன செய்றாங்க?"

"பாக்குறா. ஏளனமா."

"ஏளனம்னு எப்படித் தெரிஞ்சது? ஏதாவது சொன்னாங்களா?"

"அவளுக்கு வக்காலத்து வாங்குறீங்களா, அம்மணி?"

"இல்ல. நான் அங்க இல்லையே. அதான் கேக்கிறேன்."

இரண்டாவது வாரம் முழு நேரமும் வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போய் நகராட்சிக்கு ஒரு புகார் எழுதினார்: இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, தெரிந்திருந்தால் இத்தனை கேள்வி கேட்க மாட்டாள். வேறு ஆலோசகர் வேண்டுமென்றால் ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

மூன்றாவது வாரம் அவள் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினாள். "டாரிட் எப்போலேர்ந்து அப்படிப் பாக்குறாங்க?"

"நவம்பர்லேர்ந்து."

"நவம்பர்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல." பிறகு அவரே தொடர்ந்தார். "ஒரு புள்ள ஆழமான பக்கம் முங்கிருச்சு. தூக்கியாச்சு. இருமிச்சு, அழுதுச்சு, வீட்டுக்குப் போயிருச்சு. அதோட அம்மா எங்க ரெண்டு பேருக்கும் கேக் கொண்டு வந்தாங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க இருப்பேன்? காவல் நாற்காலியில."

"புள்ளையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அது என் வேலை."

"பாத்ததும்?"

"அதான் சொன்னேனே, தூக்கியாச்சுன்னு."

"யார் தூக்கினது?"

பல்லே எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "நீ என்ன போலீஸா? காலுறையோட உக்காந்துக்கிட்டு அடுத்தவன் வாயைக் கிண்டறதுக்குச் சம்பளமா உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு இங்கதான் இருப்பேன்."

"இருந்துக்கோ."

வருவதில்லை என்று முடிவு கட்டியவர், எட்டுக்கும் போகாவிட்டால் வேலை இல்லை என்ற கடிதத்தின் கடைசி வரியை நினைத்து வந்தார். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"டாரிட்தான் தூக்கினா. ஓடி வந்து, போட்டிருந்த துணியோட குதிச்சா. நான் உக்காந்திருந்தேன். எழுதிக்கோ. விபத்து அறிக்கையில அவ, 'பல்லே பாத்துச் சொன்னார், நான் இறங்கினேன்'னு எழுதினா. பொய். நான் சொல்லவே இல்ல. அன்னிலேர்ந்து நான் நாற்காலியில ஏறும்போதெல்லாம் பாக்குறா. பிப்ரவரியில ஒருநாள், 'இன்னிக்கு நான் ஏறிக்கவா'ன்னு கேட்டா. தள்ளினேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்வாள், அதற்குச் சரியான பதிலடி கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

"எந்திரிக்கப் பாத்தீங்களா?"

"பாத்தேன். காலு வரல. முட்டிக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி."

"அப்படி அதுக்கு முன்னாடி எப்பவாவது ஆயிருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். கோடையில் நெடுந்தூரம் ஓட்டிப் போய்க் காரை விட்டு இறங்கியபோது கால் மடங்கி விழுந்தது ஞாபகம் வந்தது. சோபாவிலிருந்து எழும்போது இரண்டு தடவை. வயசு என்று விட்டுவிட்டார். அதையெல்லாம் சொன்னார்.

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல."

நவம்பரிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் நகர்ந்தது போலிருந்தது. கோழை இல்லை, நோயாளி. அப்போது அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"விசில் எங்க இருந்துச்சு?"

அந்த நிமிடத்தில் அவளை வெறுத்த மாதிரி அவர் யாரையும் வெறுத்ததில்லை.

"வாயில."

"ஊதினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"ஊதினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. புள்ள உள்ள கிடக்கும்போது நான் உக்காந்திருக்கிறதப் பாப்பாங்க."

விபெக்கே எதையும் எழுதிக்கொள்ளவில்லை. முதலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அவர் நன்றி சொல்லாமல் வெளியேறினார்.

முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, நெடுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தோடு, நடந்தது முழுவதையும் தன் கையால் எழுதி மேலாளரிடம் கொடுத்தார் பல்லே. விசிலையும் விடவில்லை. காவல் நாற்காலியிலிருந்து அவரை எடுத்துவிட்டு, கீழே தண்ணீர் சுத்திகரிக்கும் அறையில் போட்டார்கள். பொய் அறிக்கை எழுதியதற்காக டாரிட்டுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது.

அவள் அன்றே படியிறங்கி வந்தாள். மணிக்கட்டில் இன்னும் பட்டை சுற்றியிருந்தது.

"பெரிய உத்தமன் ஆயிட்டே, இல்ல?"

"எனக்கு வேற வழி தெரியல, டாரிட்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ரெண்டு பேரும் சேந்து போய்ச் சொல்லியிருக்கலாம். உன்னைக் காப்பாத்த எழுதினேன். நீ என்னைத் தள்ளினே. இப்ப மனசைக் கழுவிக்க மறுபடியும் தள்ளிட்டே."

"நீ ஏளனமா பாத்தேன்னு நெனச்சேன்."

"ஏளனமா? உன் முகம் அன்னிக்கு வெள்ளையா இருந்துச்சு. திரும்பவும் உனக்கு அப்படி ஆயிடுமோன்னு பாத்தேன்." அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பவே உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு. மத்ததெல்லாம் உன்னோடது. இனிமே எங்கிட்டப் பேசாதே."

மிச்சம் இருந்த அமர்வுகளுக்கும் அவர் போனார். விபெக்கேயை அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை; அதை அவளிடமே சொன்னார். பிடிக்க வேண்டியதில்லை என்றாள் அவள். டாரிட் இப்போதும் அவரைக் கண்டால் வேறு கதவு வழியாகத்தான் போகிறாள்.