பகல் தூக்கத்துக்கு ஒரு மெமோ

நாகலூருக்கு இந்தப் பக்கம் இருக்கும் காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் சின்னராஜைப் போலக் கண்டிப்பானவர் கிடையாது. அதை ஊரெல்லாம் சொன்னவரும் அவரேதான். வேலை நேரத்தில் எவளாவது இரண்டு நிமிடம் குத்தவைத்தால் போதும், "ஏம்மா, இதென்ன உங்கப்பன் ஊட்டுத் தோட்டமா?" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வரும். ஆறு மாத வயிற்றோடு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து கண்ணசந்த புவனேஸ்வரியை அரை நாள் கூலியோடு வீட்டுக்கு அனுப்பிய புண்ணியவான்.

அப்பேர்ப்பட்டவர் தினமும் மதியம் ஒன்றேகாலுக்குக் குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கேட்டால் ஸ்டாக் எடுக்கிறேன் என்பார். காப்பிக்கொட்டை மூட்டை நான்கின் மேல் உடம்பைக் கிடத்தி, தலைக்குச் சாக்கை மடித்து வைத்து, இருபது நிமிடம் எடுப்பார் பாருங்கள், அப்படி ஒரு ஸ்டாக். எழுந்து முகம் கழுவினால் சாயங்காலம் வரை ஆள் பம்பரம். பதினெட்டு வருடத்தில் ஒரு தலைவலி கண்டதில்லை.

முதலாளியின் மருமகன் வசந்த் பெங்களூரிலிருந்து எஸ்டேட்டைக் கவனிக்க வந்தபோது அந்த நிம்மதியில் மண் விழுந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினோமா இல்லையா என்பதைக் காலையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ரகம் வசந்த். வந்த வாரமே ஆட்களையெல்லாம் களத்தில் கூட்டினான்.

"மதியம் இருபது நிமிஷம் தூங்கினா மூளை சுறுசுறுப்பாகும், மனசு லேசாகும், வேலையில கவனம் நிக்கும். அதுக்கு மேல தூங்கினா மந்தம். அதனால சங்கு ஊதி எழுப்பிடுவோம். நாளையிலேர்ந்து ஒண்ணேகாலுக்கு எல்லாரும் படுக்கணும்."

நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பழம் பறிப்பதில் முப்பது வருடம் தேய்ந்த தங்கம்மாதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க சாமி, அந்த இருபது நிமிசம் வேலை நேரத்துலயா, சோத்து நேரத்துலயாங்க?"

"சாப்பாட்டு நேரத்துலதாம்மா. தூங்கி எழுந்தா தெம்பு கூடும்ல? அதனால அஞ்சு மணிக்குப் பதிலா அஞ்சரைக்கு வேலை முடிக்கலாம்."

"அஞ்சேகாலு பஸ்ஸுங்க?"

"நடக்கறது இன்னும் நல்லதும்மா, உடம்புக்கு."

சின்னராஜுக்கு உள்ளூரச் சிரிப்பு. திருட்டுத் தூக்கம் சட்டப்படியான தூக்கமாகிவிட்டதே! அதற்குள் வசந்த் அவர் பக்கம் திரும்பினான். "ரைட்டர், நீங்கதான் மேற்பார்வை. யார் நிஜமாத் தூங்கறா, யார் நடிக்கறான்னு நின்னு பார்க்கணும்."

மறுநாள் தார்ப்பாய் வந்தது. கண்ணை மூடக் கறுப்புத் துணிப்பட்டி நாற்பது வந்தது. முதல் நாள் யாரும் தூங்கவில்லை. முசுறு எறும்பு ஒரு பக்கம் கடிக்க, கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்த கோலத்தை நினைத்துத் தாங்களே சிரித்தது ஒரு பக்கம். ஒரு வாரத்தில் உடம்பு பழகிவிட்டது. படுத்ததும் குறட்டை, சங்கு ஊதியதும் தெளிந்த முகம். வசந்த் சொன்னதில் தப்பில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் நடந்து வீட்டுக்குப் போனபோதுதான் அந்தத் தெம்பெல்லாம் இறங்கிப்போனது.

தூங்காமல் நின்றவர் சின்னராஜ் ஒருவர்தான். மூன்றாம் வாரம் கூலிக் கணக்கில் ஆள் பேரை மாற்றி எழுதினார். நின்றால் தலை சுற்றியது, உட்கார்ந்தால் எரிச்சல் வந்தது. ஏற்காட்டில் டாக்டரிடம் போனார். அவர் ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, "மத்தியானத்துல கொஞ்சம் கண்ணசரக் கூடாதுங்களா?" என்று கேட்டார். சின்னராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் வசந்தின் நண்பர்கள் பத்துப் பேர் இந்த அதிசயத்தைப் பார்க்க வேனில் வந்திறங்கினார்கள். ஆட்கள் வரிசையாகப் படுத்தார்கள். பகல் தூக்கத்தின் நன்மைகளை வாசிக்கச் சொல்லிச் சின்னராஜ் கையில் ஒரு தாள் கொடுத்தான் வசந்த்.

"ஒன்று, மனம் அமைதியடைகிறது. இரண்டு, ஞாபக சக்தி..."

மூன்றாவது வரவில்லை. பக்கத்து மரத்தில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்து, தாளை நெஞ்சில் வைத்தபடி குறட்டை விட்டார். செய்து காட்டுகிறார் என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள். சங்கு ஊதியது. நாற்பது பேரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. வசந்த் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"உடுங்க சாமி," என்றாள் தங்கம்மா. "பதினெட்டு வருசமாக் குடோன்ல மூட்டை மேல தூங்குன ஒடம்பு. நீங்க வந்து கெடுத்துப்புட்டீங்க."

விருந்தாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வசந்த் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை சின்னராஜுக்கு மெமோ வந்தது. 'பணி நேரத்தில் தூங்கியதற்கு இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும்.' தாளின் அடியில் எஸ்டேட்டின் புது வாசகம் பச்சை எழுத்தில் அச்சாகியிருந்தது: 'ஓய்வே உழைப்புக்கு உரம்.'

அன்று ஒன்றேகாலுக்கு நாற்பது பேரும் தார்ப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள்.

"படுங்கம்மா!" என்றான் வசந்த்.

"பயமா இருக்குதுங்க," என்றாள் புவனேஸ்வரி, கண்ணை இமைக்காமல். "தூங்குனா மெமோ குடுக்கறாங்களாமா."

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் இன்னொரு கூட்டம் பார்க்க வருவதாக இருந்தது. வேனின் ஹாரன் கீழ் வளைவில் கேட்டபோது வசந்துக்கு வியர்த்தது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"பழையபடி அஞ்சு மணிக்கு உடுங்க. அந்தக் காயிதத்தக் கிழிங்க," என்றாள் தங்கம்மா. "தூக்கம் வந்தா நாங்களே தூங்கிக்கறமுங்க சாமி. அதுக்குச் சங்கு எதுக்குங்க?"

வேன் வாசலுக்கு வருவதற்குள் மெமோ நாலு துண்டானது. நாற்பது பேரும் கறுப்புப் பட்டியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு சமர்த்தாகப் படுத்தார்கள்.

சாயங்காலம் ஐந்தேகால் பஸ்ஸில் எல்லோரோடும் சின்னராஜும் ஏறினார். தங்கம்மாவின் சீட்டருகே போய் நின்றார்.

"நான் உங்களையெல்லாம் எத்தனையோ பேசியிருக்கறேன். அப்படியிருந்தும் எனக்காக..."

"உங்களுக்காகன்னு யாருங்க சொன்னது?" என்றாள் தங்கம்மா. "பஸ்ஸுக்காகங்க, ரைட்டரய்யா."

அவள் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. அதில் தன் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். நாகலூர் வரை ரைட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார்.