ஆறு வீடும் சேர்ந்தால்

எங்கள் தெருவில் மூன்று வருடமாக யாரும் கூரை மாற்றவில்லை. எங்கள் வரிசையில் இருக்கும் ட்ரூடி வீட்டுக் குழாய் ஒழுகியபோது அவள் கீழே ஒரு வாளியை வைத்தாள், அவ்வளவுதான். அதற்கு அடுத்த வீட்டில் சமையலறைத் தரை பெயர்ந்து வந்தது. அதன்மேல் ஒரு கம்பளத்தை விரித்து மூடிவிட்டார்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு எவனாவது செலவு செய்வானா? கனடாவின் எட்மன்டனில் புது ரயில் பாதை வருகிற தெருவில் குடியிருந்தால் இந்தப் பைத்தியம் பிடிக்காமல் இருக்காது. வீடு நின்ற இடத்தில் நிற்கும். நாம்தான் மனதுக்குள் எப்போதோ காலி செய்திருப்போம்.

ரயில் நிலையம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அதற்குத் தூண் இறக்கியபோது சுவரெல்லாம் விரிசல் விட்டது. அதையும் நாங்கள் பூசவில்லை. தண்டவாளம் போடுவதற்கு முன்பே மனை வாங்கும் கம்பெனியின் ஆள் வந்துவிட்டான். பிராடி என்று பெயர். பளபளக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டு பனிச்சேற்றில் நடந்து வருவான். எங்கள் வரிசையில் இருக்கும் ஆறு வீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் யாரும் கனவிலும் நினைக்காத விலை என்றான். அந்த இடத்தில் இருபது மாடி எழும்பும். ஒரு வீடு குறைந்தாலும் பேச்சு கிடையாது.

எங்கள் வீட்டுச் சமையலறையில்தான் கூட்டம் போட்டோம். டோனட் பெட்டியைத் திறந்து வைத்து ஆளுக்கொரு காபி கொடுத்தேன். ட்ரூடி முன்பு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. விசில் இல்லாமலே ஊரை வரிசையில் நிறுத்துவாள்.

"இத பாருங்க, வித்தா ஆறு பேரும் சேர்ந்து விக்கிறோம், இல்லன்னா ஒருத்தரும் விக்கல. எவனும் தனியா போய் அவன்கிட்ட பேசக் கூடாது. சத்தியம்?" என்றாள்.

ஊர் கூடித் தேர் இழுக்கிற உற்சாகத்தில் எல்லோரும் சத்தியம் என்றோம். எங்களுக்கு அடுத்த மூலைவீட்டு ஓரெஸ்ட் மட்டும் காபியைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். பேசாமல் போனதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

எல்லோரையும்விட எனக்குத்தான் அவசரம். என் புருஷன் கார்னெட்டுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாசலில் ஐந்து படி. குளியலறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. வாசலில் ஒரு சாய்தளம் போட்டுக் கதவை அகலப்படுத்துங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். "மூணே மாசம், அதுக்குள்ள இந்த வீடே இருக்காது" என்றேன் நான். நதிப்பக்கம் வாசலில் படியே இல்லாத ஒரு ஃபிளாட்டைப் பார்த்தும் வைத்தோம். குளியலறையில் கார்னெட்டின் நாற்காலி முழு வட்டம் திரும்பும். திரும்பிப் பார்த்துவிட்டு அவர் குழந்தை மாதிரி சிரித்தார்.

மூன்று மாதம் ஒரு வருடமாயிற்று, பிறகு இரண்டாயிற்று. கார்னெட் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார். அவரை வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் இரண்டு ஆள் வேண்டும். நகரப் பேருந்துகளை முப்பது வருடம் பழுது பார்த்த மனுஷன். தெருமுனையில் வருகிற ரயிலில் ஏறிப் பார்க்க வேண்டுமென்று மட்டும் அடிக்கடி சொல்வார். வீட்டைத் தனியாக விற்கலாமென்றால், தோண்டிப் போட்ட சாலையோரம் விரிசல் விட்ட வீட்டை எவன் வாங்குவான்?

ஐந்து வீடும் சரி என்றது. ஓரெஸ்ட் மட்டும் வேண்டாம் என்றார்.

நான் போய்க் கேட்டேன். வாசலில் நின்று பனி தள்ளிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயதிலும் மண்வெட்டி பிடிக்கிற கை ஆடவில்லை.

"ஏன் வேண்டாம்னு சொல்றீங்க?"

"வேண்டாம், அவ்வளவுதான்."

"அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?"

"ஏம்மா லோர்னா, என் வீட்ல நான் இருக்கிறதுக்குக் காரணம் வேற சொல்லணுமா?"

"கார்னெட் படுற பாட்டப் பாக்குறீங்கல்ல?"

"பாக்குறேன். சாய்தளம் போடு. மரம் என்கிட்ட இருக்கு, நானே அடிச்சுத் தர்றேன்."

"இடிக்கப்போற வீட்டுக்கா?"

"நான் எங்க இடிக்க விட்டேன்?" என்று சொல்லிவிட்டு மறுபடி பனி தள்ள ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய அஞ்சல் பெட்டியை ஓர் உதை விட்டுவிட்டு வந்தேன். செத்த மனைவியின் நினைவு, பிறந்த பிள்ளைகளின் உயரம் குறித்த கதவு என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது?

அந்தப் பனிக்காலத்தில் தெரு அவரோடு பேசவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் எழுந்து பனி தள்ளுகிறாரோ, அவர் பக்கத்து வீட்டு நடைபாதையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். ட்ரூடி பனி தள்ளும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வருவாள், எங்கள் வீடு வரைக்கும் தள்ளுவாள், ஓரெஸ்டின் எல்லை வந்ததும் சட்டென்று அணைத்துவிட்டுத் திரும்புவாள்.

"கிழவன் தனியா இருக்கணும்னுதானே ஆசப்பட்டான்? தனியா தள்ளட்டும்" என்பாள் என்னிடம். "நாம அஞ்சு பேரும் ஒண்ணா நிப்போம் லோர்னா. கடைசியில அவன் எறங்கித்தான் வரணும்."

நானும் சிரித்தேன். அவளை நம்பினேன்.

பிப்ரவரியில் ஒரு காலை கார்னெட்டை டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. துணைக்கு வருவதாகச் சொன்ன டாக்ஸிக்காரன் படியைப் பார்த்துவிட்டு, இது என் வேலை இல்லை என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான். அவரை நானே பிடித்து இறக்கினேன். இரண்டாவது படியில் பனி உறைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. இருவரும் சேர்ந்து விழுந்தோம். எனக்கு முழங்கை சிராய்த்தது. கார்னெட் பனியில் மல்லாந்து கிடந்தார். கால்சட்டை நனைந்துவிட்டது. பனியால் அல்ல என்று அருகில் போனதும் தெரிந்தது.

மூலைவீட்டிலிருந்து ஓரெஸ்ட் மேல்கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்தார். தன் வீட்டுச் சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து, கார்னெட்டை அதில் உட்காரவைத்து, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனோம். பெரியவருக்கு மூச்சு வாங்கியது. கார்னெட் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னப் பாக்காதய்யா ஓரெஸ்ட், வீட்டுக்குப் போ" என்றார்.

"நான் எதையும் பாக்கல. வயசான கண்ணு" என்றார் ஓரெஸ்ட். வெந்நீர் வைத்து, என்னை நகரச் சொல்லி, அவரே கார்னெட்டின் கால்சட்டையை மாற்றிவிட்டார்.

மறுநாள் மதியம் ஓரெஸ்ட் ஒரு தட்டு நிறைய, உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பெரோகிக் கொழுக்கட்டையோடு வந்தார். உட்காரவில்லை.

"கையெழுத்துப் போடுறேன். அந்தப் பயகிட்ட சொல்லு."

"நெஜமாவா?"

"தெருவுல ஒருத்தனும் பேச மாட்டேங்குறான்னு இல்ல. அதுக்கெல்லாம் நான் அசையுற ஆளா? அவன நேத்து தூக்கும்போது எவ்வளவு எளச்சுப் போயிருக்கான்னு கையில தெரிஞ்சுது. போதும். போங்க, போய் அந்த ஃபிளாட்டுல இருங்க."

நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் மரம்போல நின்றார், பிறகு என் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். கார்னெட் ஜன்னலோரத்திலிருந்து தன் நல்ல கையை உயர்த்தினார்.

ட்ரூடிக்குப் போன் செய்தேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

"அப்படியா" என்றாள். "சரி... நல்லதுதான். நீ பிராடிகிட்டயே பேசிடு லோர்னா. அடுப்புல ஏதோ வச்சிருக்கேன்."

பேச்சை அவள் வெட்டியது எனக்கு உறைக்கவே இல்லை. சந்தோஷத்தில் இருந்தேன். ஃபிளாட்டுக்காரருக்குக்கூடப் போன் செய்து, இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். பிராடி மட்டும் போனை எடுக்கவில்லை. இன்று, நாளை என்று பத்துப் பதினைந்து நாள் இழுத்தான். பிறகு அவனே வந்தான். டோனட்டை எடுக்கவில்லை, காபி வேண்டாம் என்றான்.

"மேடம், வரைபடத்த மாத்திட்டாங்க. ரொம்ப நாள் காத்துக்கிட்டிருக்க முடியல. நாலு மனையிலயே கட்டடம் உக்காந்திருச்சு."

"எந்த நாலு?"

"உங்களுக்கு அந்தப் பக்கம் உள்ள நாலு. மூலைவீடு வராதுன்னா உங்க மனையும் எங்களுக்கு உதவாது. பக்கத்து வீட்டு எல்லையிலருந்து தள்ளித்தான் மேல எழுப்பணும்னு விதி, உங்க மனையில பாதி அதுலயே போயிடும்."

"அவர்தான் இப்ப தர்றேங்கிறாரே!"

"இனிமே திரும்ப வரைய முடியாது மேடம். அவங்க நாலு பேரும் நவம்பர்லயே கையெழுத்துப் போட்டுட்டாங்க."

நவம்பர் என்றால் ட்ரூடி எங்கள் வாசல்வரை பனி தள்ளிய நாளெல்லாம் அதற்குப் பிறகுதான். நாம் ஐந்து பேரும் ஒன்றாக நிற்போம் என்று அவள் சொன்னதும் அதற்குப் பிறகுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள், அந்தச் சோற்றை எனக்கே பரிமாறியிருக்கிறாள்.

அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் அட்டைப்பெட்டிகள் தெரிந்தன.

"சத்தியம் பண்ணச் சொன்னது நீதானே?"

"என்ன பண்ணச் சொல்ற லோர்னா? உங்க ரெண்டு வீட்டுக்காக நாங்க நாலு பேரும் சாகணுமா? கூரை ஒழுகுது, ஹீட்டர் போச்சு..."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு பலகையப் போட்டு அந்த மனுஷன வெளிய காத்து வாங்கவாவது விட்டிருப்பேனே!"

"சொல்லக் கூடாதுன்னு அவங்க கையெழுத்து வாங்கியிருந்தாங்க."

அதற்குமேல் என் வாய்வரை வந்த வார்த்தைகளை எழுத முடியாது.

ஓரெஸ்டிடம் சொல்ல வேண்டும். ஒருவிதத்தில் அவருக்கு இது நல்ல செய்திதானே, அவராவது சந்தோஷப்படட்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அவர் வீட்டை நெருங்கும்போதே ரம்பச் சத்தம் கேட்டது. பின்பக்கம் போனேன். பனிக்கு நடுவே அவருடைய ஆப்பிள் மரம் விழுந்து கிடந்தது. கிளைகளை அறுத்து ஒரே அளவாக அடுக்கிக்கொண்டிருந்தார். கொட்டகை காலியாகிவிட்டது. கதவுகூடக் கழற்றியாயிற்று.

"என்ன பண்றீங்க?"

"மெஷின் வந்து வேரோட பிடுங்குறத நான் பாக்க மாட்டேன். என் கையாலயே முடிச்சுட்டேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கட்டிலு, மேசையெல்லாம் நேத்தே சர்ச்சுக்குக் குடுத்துட்டேன். ரெட் டியர் ஊர்ல தங்கச்சி மகன் ஒரு ரூம் இருக்குங்கிறான். என்னிக்குக் கிளம்பணும்?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அறுத்த அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்தார். தெருமுனையில் சோதனை ஓட்டத்துக்கு விட்ட ரயில் ஒன்று ஆளே இல்லாமல் போனது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வீடு எனக்குத்தானா?"

"உங்களுக்குத்தான்."

"வேண்டாம்னு இருந்தப்ப இது என் வீடு, லோர்னா. குடுத்துட்டேன்னு மனசுல முடிவு பண்ணி, ஒவ்வொரு ரூமா போய் லைட்ட அணைச்சாச்சு. இனிமே உள்ள போய் நான் என்ன பண்ணுவேன்?"

அவர் இல்லையென்று சொன்ன இரண்டு வருடமும் எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றைக்கு அவர் ஒத்துக்கொண்டதற்காகத்தான் எனக்கு அழுகை வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அவர் வாயில் இருந்ததையும் அல்லவா நான் தட்டிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினேன். ஜன்னலோரத்தில் இருந்த கார்னெட் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருடமாக மனிதருக்கு முகம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தெரியாமல் இருக்குமா?

"போகலையா நாம?"

"போகல."

ஜன்னல் வழியே மூலைவீட்டை எட்டிப் பார்த்தார். "ஓரெஸ்ட் எங்க?"

"வெளிய உக்காந்திருக்காரு. குளிர்ல."

"கட்டில் இல்லையே அவருக்கு," என்றார் கார்னெட். "நேத்து ஏத்திட்டுப் போறதப் பாத்தேன். நீ போய் கூட்டிட்டு வா. அந்தச் சின்ன ரூம்ல படுக்கட்டும்."

போனேன். ஓரெஸ்ட் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வார், நானும் வழக்கம்போலச் சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் நடத்திய பக்கமெல்லாம் நடந்து வந்தார்.