போட்டேன் என்றவர்கள்

இங்க்ரிட் ஹால்வர்சனுக்குப் பொய்களை எண்ணுவதுதான் வேலை. சம்பளம் கொடுத்து எண்ணச் சொல்கிறார்கள். விஸ்கான்சினில் ஒரு சின்னக் கல்லூரியில் அரசியல் அறிவியல் பேராசிரியை அவள். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் அவளுடைய மாணவர்கள் சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் பேருக்குப் போன் போட்டு, "ஓட்டுப் போட்டீர்களா?" என்று கேட்பார்கள். யாருக்குப் போட்டார் என்பது போட்டவரோடு போயிற்று. ஆனால் போட்டாரா இல்லையா என்பது ஊர் அலுவலகத்துப் பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் மாட்டிக்கொள்வார்கள்.

அவர்கள்மேல் அவளுக்குக் கோபமே வந்ததில்லை. தன்னை நல்ல குடிமகனாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவது ஒரு குற்றமா என்று இருபது வருடமாக வகுப்பில் கேட்டு வந்தாள். ஊரார் பொய்யாக இருக்கும்வரை அப்படிப் பெருந்தன்மையாகப் பேசலாம்.

மே மாதம் ஒருநாள் காலை, பொருந்தாத பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய சொந்த வீட்டு விலாசம் வந்து நின்றது. வெண்டல் ஹால்வர்சன், வயது அறுபது. போட்டேன் என்றார், போடவில்லை.

அவள் புருஷன்தான். பள்ளிக்கூடத்து இசை ஆசிரியன். ஏப்ரல் தேர்தலே பள்ளிக்குப் புதுக் கட்டடம் வேண்டுமா வேண்டாமா என்பதற்காக நடந்தது. வேண்டும் என்று நான்கு மாதம் தொண்டை வறளப் பேசியவன் அவன். தேர்தல் நாளன்று வண்டி ஓட்ட முடியாதவர்களையெல்லாம் ஏற்றிப்போய் ஓட்டுப் போட வைத்தான். பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார்கள். அன்று ஆலங்கட்டி மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தவனிடம் அவள், "நீ போட்டியா?" என்று சும்மாதான் கேட்டாள். "போடாம இருப்பேனா?" என்றான்.

ஊர் அலுவலகத்துக்குப் போன் செய்து, பெயர் சொல்லாமல் வரிசை எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டாள். அந்த இடத்தில் கையெழுத்தே இல்லை என்றார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஓட்டுக்காக இல்லை, "போடாம இருப்பேனா" என்று சொன்னதற்காக.

கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போன் போட்ட அத்தனை பேருக்கும் முன்கூட்டியே கடிதம் போயிருந்தது. உங்கள் பதிலை வைத்து உங்களைப் பற்றி யாரிடமும் எதுவும் பேச மாட்டோம், இப்படிக்கு இங்க்ரிட் ஹால்வர்சன். புருஷனாக இருந்தால் மட்டும் பேசுவோம் என்று அதில் எழுதவில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரன் ஓட்டுப் போடப் போவதே இல்லை என்று சாப்பாட்டு மேசையில் வெண்டல் அலுத்துக்கொள்ளும்போது, தட்டைப் பார்த்தபடி உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருப்பாள்.

அக்டோபரில் புதுத் தலைவலி வந்தது. நாற்பது வருடமாக ஒரு தேர்தலையும் விடாதவருக்குப் பட்டயம் கொடுப்பது ஊர்ச் சங்கத்தின் வழக்கம். சங்கத் தலைவர் கர்ட் பட்டியலையெல்லாம் பார்க்க மாட்டார், வாய்ச்சொல் போதும். இந்த வருடம் வெண்டல் என்று அவராகவே முடிவுசெய்து, வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் கொடுப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"வேண்டாம்னு சொல்லிடேன். உனக்கு எதுக்கு இந்த மேடை, மாலையெல்லாம்?" என்று இங்க்ரிட் மெல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கா? முப்பத்தஞ்சு வருஷமா மேடையிலதானே குப்பை கொட்டறேன்" என்றான். ஆனால் அன்று பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசினாலும் கொடுத்த வாக்கு கெட்டுவிடும் என்று அவள் நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை சங்கக் கூடத்தில் வறுத்த மீனும் முட்டைக்கோஸ் சாலட்டும் பிராந்தியுமாக ஊரே கூடியிருந்தது. கர்ட் பெயரைக் கூப்பிட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். இங்க்ரிட்டின் கைகள் மடியிலேயே இருந்தன. பொய்யை வாங்கிக்கொண்டு வரப்போகிறான், அதைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டப்போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

வெண்டல் பட்டயத்தை வாங்கவில்லை.

"கர்ட், இது எனக்கு வேண்டாம்ப்பா. ஏப்ரல்ல நான் ஓட்டே போடல."

கர்ட் பட்டயத்தை நீட்டியபடியே சிரித்தார்.

"யோவ், விளையாடாதய்யா. அன்னைக்கு ஊரையே வண்டியில அள்ளிட்டுப் போனவன் நீதானே!"

"ஆமா. இருபத்திமூணு பேரைக் கொண்டுபோய் விட்டேன். எட்டு மணிக்கு மூடறாங்க. ஏழேகாலுக்கு என் ஓட்டைப் போடலாம்னு கிளம்பினேன், ஒருத்தர் போன் பண்ணிட்டார். அவர் வீடு ஒரு கோடி, அவர் போடற இடம் இன்னொரு கோடி. அவரை இறக்கி விட்டுட்டு நான் வர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. வெக்கமா இருந்துச்சு. கேட்டவங்ககிட்டெல்லாம் போட்டேன்னு சொல்லிட்டேன். என் பொண்டாட்டிகிட்டயும்தான்."

பின் மேசையிலிருந்து பால்பண்ணைக்கார ஆர்வில் எழுந்தார்.

"ஏம்ப்பா, அந்தக் கடைசி ஆளு நான்தானே?"

"நீங்கதான்."

"கட்டடம் வேண்டாம்னுதான் போடப்போறேன்னு வண்டியிலயே சொன்னேனே!"

"சொன்னீங்க."

"பின்ன எதுக்குய்யா கூட்டிட்டுப் போனே?"

"போன் பண்ணீங்களே" என்றான் வெண்டல்.

ஆர்வில் ஒரு கணம் யோசித்தார். "நான் வேண்டாம்னுதான் போட்டேன். நாளைக்கே வெச்சாலும் அதையேதான் போடுவேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். கூடமே சிரித்தது. கர்ட் பட்டயத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மீன் தட்டுக்கு அடியில் தள்ளினார். யாரோ வெண்டலின் கையில் ஒரு பிராந்தியைத் திணித்தார்கள்.

வீடு திரும்பும்போது இங்க்ரிட்தான் வண்டியை ஓட்டினாள்.

"கோவமா?" என்றான்.

"எனக்கு மே மாசமே தெரியும்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். பிறகுதான் புரிந்தது. "அந்தப் போன்! உன் பசங்களா அது? அப்போ அஞ்சு மாசமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"யார்கிட்டயும் பேச மாட்டேன்னு உனக்கும் கடிதம் போட்டிருந்தேனே, நீ பிரிச்சே பாக்கலையா?"

"புருஷன்கிட்டக் கூடவா?"

"எல்லார்கிட்டயும். இன்னைக்கு நீயே ஊரறியச் சொல்லிட்டே, அதனால பேசறேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீ அதை வாங்கியிருந்தா நானும் எந்திரிச்சு கைதட்டியிருப்பேன், வெண்டல். ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். அப்புறம் காலம் பூரா கைதட்டிட்டே இருந்திருக்கணும். அதை நெனச்சுத்தான் பயந்தேன்."

வெண்டல் கியர்மேல் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வீடு வரும்வரை அவளும் கியரை மாற்றவில்லை.