மீன்தொட்டியின் இரண்டாம் விளக்கு

மருமகள் ஷாமினி துணிப்பையைக் கூடத்தில் வைத்துவிட்டு மீன்தொட்டி முன் போய் நின்றாள். பாரிட் புந்தாரில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுகிறாள். அவள் அழைத்திருந்த கிராப் வாடகைக் கார் வந்துகொண்டிருந்தது.

என் மகன் தனேஷ் லகாட் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தபின், அவனுடைய தொட்டியை அவள்தான் பார்த்துக்கொண்டாள். உள்ளே நீளமாக ஒரு மரக்கட்டை. அதன் நடுவில் அவன் கறுப்பு நூலால் கட்டிய அனுபியாஸ் என்ற நீர்ச்செடி. மேலே ஒரே ஒரு எல்இடி விளக்கு. கருமக்கிரியை முடிந்த பிறகும் அது ஒற்றையாக எரிவது எனக்குப் பொறுக்கவில்லை. சாவு வீட்டில்தான் ஒற்றை விளக்கு வைப்பார்கள். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்திலேயே தலைகுனியாத குடும்பம் எங்களுடையது. ஈப்போவுக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று வாங்கிவந்து, முதல் விளக்கை ஒட்டியே வைத்தேன்.

"மாமா, ரெண்டும் ஒரே எடத்துல விழுதுலா. நடுவுல வெளிச்சம் டபுளா ஆயிரும். அது நிழல்ல வளர்ற செடி."

"ரப்பர் கன்னு நட்ட கையி இது. எனக்கே சொல்றியா?"

இரண்டு விளக்கும் அப்படியே எரிந்தன. இலைகளில் பாசி படர்ந்தது. காலையில் அவள் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு இலைகள் அழுகின. எல்லாம் பார்த்தேன். விளக்கை எடுக்கவில்லை.

போன வாரம் கேட்டாள். "நகை, சாமான் ஒன்னும் வேணாம் மாமா. அவரு கட்டுன செடியில ஒரு கிள்ளு குடுங்க. ஜாடியில வச்சிக்கிறேன்."

"இந்த வீட்டு மருமக இந்த வீட்லதான் இருக்கணும். செடியும் அப்படித்தான்" என்றேன்.

இப்போது அவள் தொட்டிக் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தாள். "பரவால்ல மாமா. எடுக்கறதுக்கும் இனிமே ஒன்னும் இல்ல." பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினாள்.

தொட்டியருகே போனேன். இரண்டு ஒளியும் ஒன்றாக விழும் நடுவில் கண் கூசியது. வெறும் கட்டை, அதில் கறுப்பு நூல். அங்கிருந்து வலப்பக்கம் போகப் போக வெளிச்சம் இளைத்தது. கடைசி மூலையில், கல்லுக்குப் பின்னால், கட்டையோடு ஓடிய தண்டின் நுனி மாதிரி ஏதோ கருத்துத் தெரிந்தது.

அவளை முறையாக வழியனுப்புவதை அக்கம்பக்கம் பார்க்கட்டும் என்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தேன். கைப்பொத்தானைக் கழற்றாமல் கையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

வெளியே கார் ஹாரன் அடித்தது.

"போயிட்டு வாரேன், மாமா."

"இரு" என்றேன். "கொஞ்சம் இரு, ஷாமினி."

தண்ணீர் முழங்கைக்கு மேல் ஏறியது. மீன்கள் சிதறின. கல்லுக்குப் பின்னால் என் விரல் நுனியில் ஓர் இலை பட்டது. தடிப்பாக இருந்தது, பாசி இல்லாமல் வழுவழுவென்று.