நப்போசா அத்தையின் முழங்கால்

மாட்டுக்கால் மூட்டை ஓங்கிப் பிளந்தவள், அதை அண்டாவில் போடாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். நியெண்டோ சந்தையில் நப்போசா மாட்டுக்கால் சூப் விற்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எத்தனையோ ஆயிரம் மூட்டுகளை உடைத்திருக்கிறாள். ஒன்றையாவது நின்று பார்த்தோமா என்று இப்போதுதான் தோன்றியது. எலும்பின் நுனியில் இளநீர் வழுக்கை மாதிரி ஒரு வெள்ளைப் படலம். விரலை வைத்தால் நிற்காமல் வழுக்கியது. அவ்வளவு கனமான பிராணி ஆயுள் முழுக்க மேடேறி இறங்கியது இந்த வழுவழுப்பின் மேல்தானா! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"கடவுளே, எப்படிச் செஞ்சு வச்சிருக்க" என்று வாய்விட்டே சொன்னாள்.

"யாருகிட்டம்மா பேசற, மாட்டுகிட்டயா?" என்றான் பைக் டாக்சி ஓட்டும் செம்பாத்யா, பெஞ்சில் உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டியபடி. "ஊர்ல இருக்கற முட்டியெல்லாம் ஒன் சூப்பக் குடிச்சு சரியாவுது. நீ மட்டும் வாத்து மாதிரி நடக்கற."

"வாத்துக்கு ஒன்ன மாதிரி வாய்க்கொழுப்பு கெடையாது. குடிச்சிட்டுக் கெளம்பு."

சிரித்தாளே தவிர உள்ளுக்குள் பயம் அரித்துக்கொண்டிருந்தது. அண்ணன் மகள் ரெஜினாவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி வரும் நாளுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அன்றைக்கு அத்தைதான் எல்லாம். வந்தவர்கள் முன் முழங்கால் போட்டு வரவேற்பவள் அவள். கூட்டத்தில் மாப்பிள்ளை யாரென்று கண்டுபிடித்துக் காட்டுபவளும் அவள். போன வாரம் மாப்பிள்ளையின் அத்தை நக்கிபூக்கா சும்மா பார்த்துப் போக வந்தபோது, வலி தாங்காமல் நப்போசா நின்றபடியே நலம் விசாரித்துவிட்டாள். போதாதா? பெண் வீட்டு அத்தைக்கு முட்டி மடங்காத அளவுக்குத் திமிர் என்று அந்தப் பக்கம் பேச்சாகிவிட்டது.

"நம்ம சித்தப்பா மக பெட்டிய அத்தையா நிக்க வச்சிக்கறேன். நீ பந்தல்ல ஒக்காந்து பாரு, போதும்" என்றார் அண்ணன். ரெஜினாவைத் தோளில் போட்டு வளர்த்தவள் நப்போசா. அந்த வார்த்தை முட்டிவலியை விட அதிகமாக வலித்தது. "அன்னிக்கு நான் முழங்கால் போடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்காகத்தான் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனது. பயிற்சி சொல்லித்தரும் பெண் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "ரெண்டு எலும்புக்கும் நடுவுல வழுக்கற மாதிரி ஒரு மெத்தை இருக்கணும்மா. ஒங்களுக்குத் தேஞ்சு போச்சு. தேஞ்சது திரும்ப வளராது."

"தெனம் ரெண்டு கிண்ணம் சூப்பு குடிக்கறேனே?"

"நல்லாருக்கும், குடிங்க. ஆனா அது வயித்துக்குத்தான் போவும், முட்டிக்கு வழி தெரியாது." பிறகு நப்போசாவின் தொடையை அழுத்திப் பார்த்தாள். "வலிக்குதுன்னு ஒக்காந்தே கெடந்திருக்கீங்க. இது தொளதொளன்னு ஆயிருச்சு. இந்தச் சதை பாரத்த வாங்கினா முட்டி பொழைக்கும். நடங்க. கால நீட்டி நீட்டிப் புடிங்க."

அன்றிலிருந்து அண்டாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டிப் பிடிப்பதும் இறக்குவதுமாக இருந்தாள். சந்தையே சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழாவது வாரம் ஒரு நாள், கையை ஊன்றாமலேயே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். நின்ற பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறதே என்று ஆச்சரியம் தாங்கவில்லை. வலி மட்டும் முழுசாகப் போகவில்லை.

விழா நாளில் பந்தலுக்குக் கீழே இருநூறு பேர். பெட்டியும் தயாராக உடுத்திக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். நப்போசா உடையின் இடுப்புத்துணியை இறுக்கிக்கொண்டு, பாயில் ஒரு கையை ஊன்றி மெல்ல இறங்கினாள். முட்டி சுள்ளென்றது; பல்லைக் கடித்துக்கொண்டாள். பதில் மரியாதைக்கு எதிரே நக்கிபூக்காவும் முழங்கால் போட்டாள். இருவரும் தலை குனிந்து வீட்டையும் வாழைத்தோட்டத்தையும் பிள்ளைகளையும் நிதானமாக விசாரித்து முடித்தார்கள். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. கூடவே முழங்கால் போட்டிருந்த மற்ற பெண்கள் எழுந்தார்கள். நக்கிபூக்கா எழவில்லை.

"நீங்க எந்திரிங்க" என்றாள், பாயைப் பார்த்தபடி, உதடு அசையாமல். "என்னால முடியாது. ரெண்டு முட்டியும் போயி நாலு வருஷமாச்சு."

"அப்ப என்னப் பத்தி ஏன் அப்படிப் பேசினீங்க?"

"நீங்க பாட்டுக்கு நின்னுட்டே பேசினீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் ஒரு நாளும் அப்படி நின்னதில்ல."

நக்கிபூக்காவின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் நப்போசாவுக்குப் பிரமிப்புதான் வந்தது. இந்த வலியோடு எத்தனை பாய்களில் இறங்கி எழுந்திருக்கிறாள் இவள், ஒரு முனகல் வெளியே கேட்காமல்!

நப்போசா வலது பாதத்தை முன்னால் ஊன்றிக் கையை நீட்டினாள். கணுக்கணுவாக வீங்கிய விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின.

"எம்மேல சாஞ்சுக்குங்க."

தொடைச் சதை இறுகி இரண்டு பேருடைய பாரத்தையும் வாங்கியது. எலும்புகள் நெறிபடும் சத்தம் முன்வரிசை வரைக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பின்னால் ஒருத்தி குலவையிட, பந்தல் முழுக்கக் குலவை எழுந்தது. முழங்காலிலும் இல்லாமல் நின்றும் இல்லாமல் பாதி உயரத்தில், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி, இரண்டு அத்தைகளும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.